கொட்டினால் என்ன செய்வது? வீட்டில் தேனீ வளர்ப்போரின் கேள்விகள்

கேள்வி: மதுரைக்கு வெளியே தனி வீட்டில் வசிக்கிறோம். தோட்டத்தில் முருங்கை, தென்னை, கொய்யா மரங்கள் உள்ளன. மொட்டை மாடியில் இரண்டு தேனீப் பெட்டிகள் வைக்க விரும்புகிறேன். எனக்கு ஆறு வயதில் மகள் இருக்கிறாள். பக்கத்து வீட்டிலும் சிறு பிள்ளைகள் உள்ளனர். பெட்டி வைக்கலாமா, எந்தத் தேனீயை வளர்க்கலாம்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: தாராளமாக வைக்கலாம், ஆனால் மொட்டை மாடியில் வேண்டாம். சித்திரை வெயிலில் சூடேறிய தளத்தின் மேல் வைத்த பெட்டிக்குள் மெழுகு அடை இளகிச் சரிந்துவிடும். வெப்பம் தாளாத தேனீக்கள் கூட்டத்தோடு வெளியேறிவிடும். தோட்டத்தில் மரநிழல் விழும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியின் வாசல் நடைபாதையையோ பக்கத்து வீட்டு முற்றத்தையோ நோக்கி இருக்கக் கூடாது. வாசலுக்கு எதிரே சில அடி தள்ளி ஆளுயரச் செடிவேலி ஒன்று இருந்தால், தேனீக்கள் எழும்பித் தலைக்கு மேலேயே பறந்து செல்லும். பிள்ளைகள் கீழே விளையாடினாலும் மோதல் நேராது. பெட்டியைத் தாங்கும் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கூழாங்கல் இட்ட தட்டு ஒன்றில் எப்போதும் தண்ணீர் வையுங்கள். இல்லையென்றால் அவை பக்கத்து வீட்டுக் குழாயடியைத் தேடிப் போகும், அங்கேதான் மனக்கசப்பு தொடங்கும். பெட்டி வைப்பதற்கு முன்பே அந்த வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அவர்களில் எவருக்கேனும் தேனீ கொட்டி மூச்சுத்திணறல் வந்ததுண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்க்க ஏற்றது, அடுக்குத் தேனீ என்றும் பொந்துத் தேனீ என்றும் நாம் அழைக்கும் இந்தியத் தேனீ. பாதிரியார் நியூட்டன் 1910களில் இத்தேனீயின் அளவுக்கென்றே வடிவமைத்த சிறிய பெட்டிதான் இன்றும் தென்னாட்டில் பரவலாகப் புழங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் பகுதியில் தலைமுறைகளாக இதனை வீட்டுத் தோட்டங்களில் வளர்த்து வருகிறார்கள். ஆயினும் மகளுக்காக நீங்கள் மிகவும் தயங்கினால், முதல் ஆண்டில் கொசுத் தேனீயை வளர்த்துப் பாருங்கள். அதற்குக் கொட்டும் கொடுக்கு கிடையாது. மண்பானையிலும் மூங்கில் குழாயிலும் வாழும். தேன் மிகக் குறைவாகவும் சற்றுப் புளிப்பாகவும் இருக்கும் என்பதுதான் குறை.

கேள்வி: என் கணவர் வைத்திருக்கும் பெட்டியிலிருந்து வந்த தேனீ ஒன்று என் இமையோரத்தில் கொட்டிவிட்டது. இரண்டு நாள் கண் திறக்க முடியாத அளவுக்கு வீங்கியது. மாமியார் சுண்ணாம்பு தடவச் சொன்னார். மூச்சுத்திணறலோ மயக்கமோ இல்லை. இனிமேல் எனக்கு ஆபத்தா? பெட்டியை எடுத்துவிடச் சொல்லலாமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, முதலில் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எனக்குக் கவலை தருவது அதுதான். கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவும் வழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. உங்கள் மாமியார் அன்போடுதான் சொல்லியிருப்பார். ஆனால் தேனீயின் நஞ்சு தோலுக்கு அடியில் இறங்கிவிட்ட புரதங்களின் கலவை. மேலே பூசும் காரம் அதனை மாற்றாது. சுண்ணாம்பு கண்ணுக்குள் பட்டாலோ, கருவிழி வெந்து பார்வையே கெட நேரும். கண்ணருகே அதனை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள்.

செய்ய வேண்டிய முதல் வேலை கொடுக்கை எடுப்பது. கொட்டிய தேனீ பறந்து போனாலும், அதன் கொடுக்கும் நஞ்சுப்பையும் அவற்றை இயக்கும் தசைகளும் நம் தோலிலேயே தங்கி, தொடர்ந்து துடித்து நஞ்சை உள்ளே செலுத்திக்கொண்டிருக்கும். அதில் பெரும்பகுதி ஏறக்குறைய 20 விநாடிகளுக்குள் இறங்கிவிடுகிறது. பிடுங்கினால் பை நசுங்கும், நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று முன்பு கற்பித்தார்கள். எந்த முறையில் எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவில் எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே கத்தியையோ அட்டையையோ தேடாமல் கையால் எடுத்துவிடுங்கள். பிறகு சோப்பு நீரில் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்றுங்கள். கையில் கொட்டினால் வீக்கம் ஏறுவதற்குள் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். அரிப்புக்கு மருத்துவர் தரும் ஒவ்வாமை மாத்திரை உதவும்.

இமைத் தோல் மெல்லியது, தளர்ந்தது; ஆகவே அங்கே சிறு கொட்டும் பெரிதாக வீங்கும். பார்க்க அச்சமாக இருந்தாலும், கொட்டிய இடத்தைச் சுற்றி மட்டும் இரண்டு நாள் வளர்ந்து பின்பு வடியும் வீக்கம் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தானதன்று. கொட்டு விழிமேல் பட்டிருந்தாலோ பார்வை மங்கினாலோ மட்டும் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாம் அஞ்ச வேண்டிய அறிகுறிகள் வேறு. கொட்டியது காலில் என்றாலும் உடலெங்கும் தடிப்பு எழுவது, உதடும் நாக்கும் வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இரைப்பது, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை சில நிமிடங்களிலேயே தோன்றக்கூடும். அப்போது பாட்டி வைத்தியத்துக்கும் மாத்திரைக்கும் நேரம் கிடையாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அந்நிலையில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசிதான். வண்டி வரும் வரை நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்கார விடுங்கள், எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால், ஒவ்வாமை இல்லாதவரும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நீங்கள் சொல்லும் அளவில் பெட்டியை எடுக்கத் தேவையில்லை. ஆனால் அடுத்த முறை கொட்டி உடலெங்கும் தடிப்பு எழுந்தால், ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்கும் வரை பெட்டியை வேறிடத்துக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். வீட்டில் எவரேனும் இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொண்டால், தேனீ வளர்க்கும் செய்தியை அவருடைய மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அம்மாத்திரை அட்ரினலின் ஊசியின் பலனைக் குறைத்துவிடக்கூடும்.

கேள்வி: ஓராண்டாகச் சாதுவாக இருந்த என் தேனீக்கள், மழை விட்ட ஒரு மாலையில் பெட்டியைத் திறந்தபோது இருபது இடங்களில் கொட்டிவிட்டன. முதல் கொட்டு விழுந்ததும் வாழைப்பழ வாசனை போல ஒன்று வந்தது. அவற்றின் குணம் மாறிவிட்டதா?
— ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: அந்த வாசனையை நீங்கள் கவனித்தது மிகவும் பயனுள்ளது. கொட்டும் தேனீ தன் கொடுக்கின் அருகிலிருந்து வெளிவிடும் எச்சரிக்கை மணம் அது. வாழைப்பழ மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்றே அதிலும் இருக்கிறது. அந்த மணம் பட்ட இடத்தை நோக்கி மற்றத் தேனீக்களும் பாயும். ஆகவே ஒன்று கொட்டியதும் கொடுக்கை எடுத்துவிட்டு அவ்விடத்தில் புகை காட்ட வேண்டும் அல்லது நீரால் கழுவ வேண்டும். கையை உதறி ஒரு தேனீயை நசுக்கினால் மணம் கூடும்.

குணம் மாறவில்லை, நேரம்தான் தவறிவிட்டது. உங்கள் பகுதியில் ரப்பர் மரம் தளிர்விடும் மாதங்களில், இலைக்காம்பின் முனையில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேடிப் பணித் தேனீக்களில் பெரும்பகுதி வெளியே சென்றிருக்கும். மழைக்காலத்தில் வரத்து நின்று, அத்தனை தேனீக்களும் வீட்டுக்குள் அடைந்து, இருக்கும் சேமிப்பைக் காத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில், அதுவும் மாலையில், பெட்டியைத் திறந்தால் அவை கொட்டாமல் என்ன செய்யும்? வெயில் அடிக்கும் காலை வேளையில், தேங்காய் நாரில் மூட்டிய மென்புகையை வாசலில் இரண்டு மூன்று முறை ஊதி, சிறிது பொறுத்துத் திறவுங்கள். முகவலை அணிவதை வெட்கமாக எண்ணாதீர்கள். பஞ்ச காலத்தில் சர்க்கரையும் நீரும் சம அளவில் கலந்த பாகை, சிந்தாமல், மாலையில் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே சிந்தினால் பிற கூட்டங்கள் கொள்ளையிட வரும்.

கேள்வி: தேனீயைக் கொட்ட வைத்தால் மூட்டுவலி தீரும் என்கிறார்களே?
— ஒரு வாசகர், தேனி

பதில்: வீட்டில் செய்து பார்க்காதீர்கள். இத்தகைய சிகிச்சையின்போது ஒவ்வாமை ஏற்பட்டு உயிரிழந்தவர்கள் உண்டு.

கேள்வி: எங்கள் தெருவின் அரசமரத்தில் பெரிய தேன்கூடு தொங்குகிறது. பிள்ளைகள் கல் எறிகிறார்கள். தீப்பந்தம் காட்டி விரட்டிவிடலாமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: ஒற்றை அடையாகத் திறந்தவெளியில் தொங்கும் பெரிய கூடு மலைத்தேனீயுடையது; பெட்டித் தேனீயோடு அதனை ஒப்பிடவே கூடாது. நூற்றுக்கணக்கில் திரண்டு வந்து நெடுந்தூரம் துரத்தும். அத்தனை கொட்டுகளின் நஞ்சு சேர்ந்தால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு உயிர் போகக்கூடும். தீப்பந்தம் வேண்டவே வேண்டாம். கூடு ஆபத்தான இடத்தில் இருந்தால் தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள். கல் எறியும் பிள்ளைகளை இன்றே தடுங்கள். ஒருவேளை கூடு கலைந்துவிட்டால், துணியால் முகத்தை மூடிக்கொண்டு நில்லாமல் ஓடி, கதவும் சன்னலும் அடைத்த அறைக்குள் புகுந்துவிட வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். கிணற்றிலோ குளத்திலோ குதிக்கக் கூடாது; தலையைத் தூக்கும் வரை தேனீக்கள் நீருக்கு மேலேயே காத்திருக்கும்.