ஊர் முழுக்க மெக்டொனால்ட்: கனடாவின் சிட்னிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருந்தீர்கள். "வீட்டு உரிமையாளர் மெக்டொனால்ட், பாடம் எடுப்பவர் மெக்டொனால்ட், மருந்துக்கடையில் இருக்கும் அம்மாவும் மெக்டொனால்ட். மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸில் பாலத்துக்குக்கூட அந்தப் பெயர்தான். எல்லாரும் ஒரே குடும்பமா அண்ணா? இல்லை, நம்ம ஊர் சாதிப் பெயர் மாதிரியா? என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருப்பதால் எல்லா இடத்திலும் என்னை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அதற்கு என்ன செய்வது?" சிட்னி இருக்கும் இந்தக் கேப் பிரெட்டன் தீவுக்கு வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில் எனக்கும் இதே குழப்பம்தான். இப்போது பதினாறு வருடம் ஆகிறது.

ஒரே குடும்பம் இல்லை. சாதியும் இல்லை. 'மெக்' என்றால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் மகன். மெக்டொனால்ட் என்றால் டொனால்டின் மகன், அவ்வளவுதான். நாம் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறோமே, அதே வழக்கம். நமக்குத் தலைமுறைக்குத் தலைமுறை அது மாறுகிறது. அவர்களுக்கு ஏறக்குறைய எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு மனிதரிடம் போய் நின்றுவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளை ஆண்ட சோமர்லெட்டின் பேரன்தான் அந்த டொனால்ட். அவருடைய வம்சத்தார் 1493 வரை தீவுகளின் பிரபுக்களாக இருந்தார்கள். அவர்கள் நிலத்தில் உழுதவர்களும் அவர்களுக்காகச் சண்டைக்குப் போனவர்களும் காலப்போக்கில் அதே பெயரை எடுத்துக்கொண்டார்கள். அதனால் இரண்டு மெக்டொனால்டுகளுக்கு நடுவே இரத்த உறவு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பெயர் ஒன்று என்பதால் கல்யாணத்துக்குத் தடையும் கிடையாது, இன்ன தொழில்தான் செய்ய வேண்டும் என்ற விதியும் கிடையாது. ஒரே பெயர்க்காரர்களின் கூட்டத்தைக் குறிக்கும் 'கிளான்' என்ற சொல்லை மனசுக்குள் 'குலம்' என்று மொழிபெயர்த்துக்கொள்ளாதீர்கள். அங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள்.

இந்தத் தீவில் ஏன் இத்தனை பேர் என்றால், அது நம்மைப் போலப் புலம்பெயர்ந்தவர்களின் கதை. 1773இல் 'ஹெக்டர்' என்ற கப்பல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்களை ஏற்றிக்கொண்டு நம் மாகாணமான நோவா ஸ்கோஷியாவின் பிக்டோவில் வந்து இறக்கியது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலச்சுவான்தார்கள் குடியானவர்களை வெளியேற்றியபோது, ஆயிரக்கணக்கானோர் கேப் பிரெட்டனுக்கு வந்தார்கள். ஒரே தீவிலிருந்து, ஒரே பெயரோடு, பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியேறினார்கள். அதனால் குடும்பப் பெயர் இங்கே ஆளை அடையாளம் காட்டவே காட்டாது. நம் கிராமங்களில் பட்டப்பெயர் வைத்தது போல இவர்களும் வைத்தார்கள். அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் அடுக்கி, 'ஜானி ஆங்கஸ் ரோரி' என்பார்கள். ரோரியின் மகன் ஆங்கஸ், ஆங்கஸின் மகன் ஜானி.

இதிலிருந்து வருவதுதான் கேப் பிரெட்டனின் பேர்போன கேள்வி: "உங்க அப்பா யாரு?" பேருந்து நிறுத்தத்திலோ தேவாலய விருந்திலோ வயதானவர்கள் உங்களிடம் இதைக் கேட்பார்கள். முதல் வருடம் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னிடம் கேட்டபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கேள்வியை ஊரில் எதற்காகக் கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும். "யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு" என்று தொடங்கி எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்றும் தெரியும். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து என் வீட்டு வாசலில் பனியை அள்ளிக் கொடுத்துவிட்டு அவரே விளக்கினார். இத்தனை மெக்டொனால்டுகளுக்கு நடுவே யார் யார் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழி இருந்ததில்லை. அது அவர்களுக்கு நலம் விசாரிப்பது மாதிரி.

சரி, பொது வாழ்க்கையில் இருந்த மெக்டொனால்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இங்கே பேச்சில் அடிக்கடி வருவார்கள். நீங்கள் பார்த்த பாலம் ஆங்கஸ் எல். மெக்டொனால்டின் பெயரில் இருக்கிறது. இதே தீவில் 1890இல் பிறந்து, இரண்டு முறை நோவா ஸ்கோஷியாவின் முதல்வராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவின் கடற்படை அமைச்சர். 1954இல் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார், பாலம் அடுத்த வருடம் திறந்தது. ஹாலிஃபாக்ஸ்காரர்களிடம் வழி கேட்டால் 'பழைய பாலம்' என்றுதான் சொல்வார்கள். பிறகு 2006 முதல் 2009 வரை ராட்னி மெக்டொனால்ட் முதல்வரானார். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர், நல்ல பிடில் கலைஞர். பதவிக்குப் பிறகு செயின்ட் ஆன்ஸில் இருக்கும் கேலிக் கல்லூரியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்தக் கல்லூரி சிட்னியிலிருந்து அதிக தூரமில்லை, கோடையில் போய்ப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஃபுளோரா மெக்டொனால்ட். 1926இல் நார்த் சிட்னியில் பிறந்தவர். நியூஃபவுண்ட்லாந்துக்குப் படகு ஏறுவார்களே, அந்த ஊர்தான். அப்பா தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தார். வங்கியில் சாதாரண வேலையில் தொடங்கி, 1972இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, 1979இல் கனடாவின் முதல் பெண் வெளியுறவு அமைச்சரானார். அந்தப் பதவியில் இருந்தது ஒன்பது மாதம்தான். அந்த ஒன்பது மாதத்தில், கடலில் தத்தளித்த வியட்நாம் அகதிகளில் 50,000 பேரை ஏற்பது என்று அவருடைய அரசு முடிவெடுத்தது. பொதுமக்கள் பொறுப்பேற்று அழைக்கும் ஒவ்வொரு அகதிக்கும் அரசு இன்னொருவரை அழைக்கும் என்ற ஏற்பாடு அது. தேவாலயங்களும் அக்கம்பக்கத்தாரும் கூடிப் பணம் திரட்டி, முகம் தெரியாத குடும்பங்களுக்கு வீடு பார்த்து வைத்தார்கள். அகதிகளுக்காகச் செய்த இந்த உதவிகளுக்காக 1986இல் ஐ.நா.வின் நான்சென் பதக்கம் கனடா மக்கள் அனைவருக்குமாகச் சேர்த்து வழங்கப்பட்டது. அதே 1986 ஆகஸ்டில்தான், நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த ஈழத்தமிழர் 155 பேரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். டொராண்டோ போனால் அந்தச் சம்பவத்தை நினைவில் வைத்திருக்கும் தமிழர்களைச் சந்திப்பீர்கள்.

இதே பெயரில் பழைய ஃபுளோரா ஒருவரும் உண்டு. 1746இல் போரில் தோற்று ஓடிய இளவரசர் சார்லஸுக்கு வேலைக்காரப் பெண் வேடம் போட்டு, படகில் ஸ்கை தீவுக்குக் கூட்டிப்போய்க் காப்பாற்றியவர். பிற்பாடு அவரே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே போர் வந்து எல்லாம் இழந்து, ஒரு குளிர்காலத்தை நோவா ஸ்கோஷியாவின் வின்ட்சர் என்ற ஊரில் இருந்த ஒரு கோட்டையில் கழித்துவிட்டு ஊர் திரும்பினார்.

அப்புறம், கவனமாகப் பேச வேண்டிய ஒரு மெக்டொனால்ட் இருக்கிறார். கனடாவின் முதல் பிரதமர் சர் ஜான் ஏ. மெக்டொனால்ட். 1815இல் கிளாஸ்கோவில் பிறந்து, ஐந்து வயதில் கிங்ஸ்டனுக்கு வந்தவர். (நம் ஃபுளோரா பின்னாளில் அதே கிங்ஸ்டனிலிருந்துதான் நாடாளுமன்றம் போனார்.) நாட்டை ஒன்றாக்கியவர், கடலிலிருந்து கடல் வரை ரயில் பாதை போடவைத்தவர் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது உண்மைதான். அந்த ரயில் பாதையைப் போட ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் வேண்டியிருந்தார்கள். பாதை முடிந்த 1885ஆம் வருடமே, இனி வரும் சீனர் தலைக்கு 50 டாலர் வரி என்று சட்டம் போட்டதும் அவருடைய அரசுதான். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைக்கும் திட்டத்தையும் அவருடைய அரசுதான் 1883இல் தொடங்கியது. அவர் காலத்துக்குப் பிறகும் அது நெடுநாள் ஓடியது. இந்த மாகாணத்தில் ஷூபெனாக்கடியில் 1930இல் திறந்த பள்ளி 1967இல்தான் மூடியது. நீங்கள் கடைக்குப் போகிற வழியில் இருக்கும் மெம்பர்டூ, பூர்வகுடிகளான மிக்மாக் மக்களின் ஊர். அந்தப் பள்ளியில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அவர்கள் முன்னால் அந்தப் பிரதமரை விளையாட்டாகப் புகழ்ந்துவிடாதீர்கள். கிங்ஸ்டனில் இருந்த அவருடைய சிலையை 2021இல் எடுத்துவிட்டார்கள். பத்து டாலர் நோட்டில் அவர் முகம் இருந்த இடத்தில் 2018 முதல் ஹாலிஃபாக்ஸ் பெண்மணி வயோலா டெஸ்மண்ட் இருக்கிறார். திரையரங்கில் வெள்ளையருக்கென்று வைத்திருந்த பகுதியிலிருந்து எழ மறுத்ததற்காக 1946இல் கைதான கறுப்பினப் பெண்மணி அவர்.

அதே சமயம், உங்கள் வீட்டு உரிமையாளரிடம் போய் "நீங்கள் அந்தப் பிரதமருக்கு உறவா?" என்று கேட்க வேண்டாம். அவருடைய முன்னோர் பெரும்பாலும் நிலத்தை இழந்து கப்பலேறி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

இனி உங்கள் பெயர் விஷயம். யாரையும் குடும்பப் பெயரால் மட்டும் குறித்து வைக்காதீர்கள். வாடகையை அனுப்பும்போது முதல் பெயரையும் மின்னஞ்சலையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபாருங்கள். உங்களைப் பொறுத்தவரை, பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் எந்த இடத்தில் இருக்கிறதோ அதே வரிசையில்தான் சின் நம்பர் (வேலைக்குச் சேர அரசு தரும் எண்), வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் இருக்க வேண்டும். எனக்கு ஓர் அலுவலகத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். அதைத் திருத்த நாலு மாதம் அலைந்தேன். பல்கலைக்கழகத்தில், வகுப்பில் கூப்பிட வேண்டிய பெயரைத் தனியாகப் பதிய முடியுமா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். பேராசிரியரிடம் நேரில் சொன்னாலும் போதும், மாற்றிக்கொள்வார்கள்.

எங்களுக்கு இங்கே மகள் பிறந்தபோது, ஏதாவது பொதுவான குடும்பப் பெயர் வைத்துவிடலாமா என்று நானும் மனைவியும் நிறைய யோசித்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான், "எங்கள் பாட்டிகள் காலத்தில் 'மெக்' ஆண்களுக்கு மட்டும்தான். பெண்ணாக இருந்தால் 'நிக்', இன்னாரின் மகள் என்று அர்த்தம். உன் பெயரையே கொடு" என்றார். கொடுத்துவிட்டோம். இப்போது யாராவது அவளிடம் அப்பா யார் என்று கேட்டால், என் பெயரைச் சொல்லி, என் அப்பா பெயரைச் சொல்லி, எங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்கிறாள்.