வாசகர் கேள்வி–பதில்: கட்டுப்படியாகும் செலவில் வெளிநாட்டுப் பனிச்சறுக்குப் பயணம்

கேள்வி: நானும் என் கணவரும், 13 வயது மகனும் 9 வயது மகளுமாக நால்வர், முதன்முறையாகப் பனிச்சறுக்குக்கென்றே வெளிநாடு செல்ல விரும்புகிறோம். எங்களில் ஒருவருக்கும் முன் அனுபவம் இல்லை. பல்கேரியாவின் பான்ஸ்கோவில் ஒரு வாரம் தங்குவதற்கு ஒரு முகவர் சொல்லும் தொகை, பிரெஞ்சு ஆல்ப்ஸுக்கு இன்னொருவர் சொல்லும் தொகையில் ஏறத்தாழப் பாதிதான். யோசிக்காமல் பான்ஸ்கோவுக்கே முன்பணம் கட்டிவிடலாமா?

பதில்: பான்ஸ்கோ உங்களுக்கு ஒத்துவரக்கூடிய இடம்தான், ஆனால் அந்த இரண்டு தொகைகளை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டாம். முகவர்கள் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் விமானக் கட்டணத்தையும் தங்குமிடத்தையும்தான். லிஃப்ட் பாஸ் (சரிவின் மேலே கொண்டுபோகும் லிஃப்டுகளில் ஏறுவதற்கான சீட்டு), பயிற்சி வகுப்பு, ஸ்கை (காலில் மாட்டிச் சறுக்கும் நீண்ட பலகை) மற்றும் பூட்ஸ் வாடகை, விமான நிலையத்திலிருந்து மலைக்குச் செல்லும் வண்டி, மலைமேல் சாப்பிடும் மதிய உணவு ஆகியவற்றையெல்லாம் கூட்டினால், அவை விளம்பரத் தொகையை எட்டிப் பிடித்தாலும் வியப்பதற்கில்லை. ஆகவே நால்வரும் ஆறு நாள் கற்றுச் சறுக்கிவிட்டு வீடு திரும்பும்வரை மொத்தம் எவ்வளவு ஆகும், அதில் எவையெவை சேரவில்லை என்று இருவரிடமும் ஒரே மாதிரி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது லிஃப்ட் பாஸில்தான். பிரான்சின் 'மூன்று பள்ளத்தாக்குகள்' பகுதியில் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதைகள் இருப்பது உண்மை. அனுபவசாலிகளுக்கு அது சொர்க்கம். ஆனால் உங்கள் குடும்பம் முதல் இரண்டு மூன்று நாட்களை, நின்றபடியே மேலே கொண்டுபோகும் 'மேஜிக் கார்ப்பெட்' பட்டைக்கு அருகிலேயே கழிக்கப்போகிறது. பல இடங்களில் தொடக்கநிலையினருக்கென்று தனிப் பாஸ் குறைந்த விலையில் கிடைக்கிறது. சில பிரெஞ்சு கிராமங்களில் அடிவாரத்துச் சிறு லிஃப்டுகளுக்குக் கட்டணமே கிடையாது. முழுப் பகுதிக்கான பாஸை நான்காம் நாளில், தேவைப்பட்டால் மட்டும் வாங்கலாம்.

அப்படி மிச்சமாகும் பணத்தைத் தயங்காமல் பயிற்சிக்குச் செலவிடுங்கள். கணவர் மனைவிக்கும் நண்பர் நண்பருக்கும் கற்றுக்கொடுப்பது சண்டையிலோ சுளுக்கிலோ முடிவதே அதிகம் என்பதால், பெரியவர்களுக்கும் வகுப்பு அவசியம் என்றே சொல்வேன். ஒரு வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர், உங்கள் பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் பயிற்றுநர் கிடைப்பாரா என்ற இரண்டையும் முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இனி பான்ஸ்கோவைப் பற்றி. அந்த ஊர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; சறுக்குச் சரிவுகளோ 1,600 மீட்டருக்கு மேலே தொடங்கி 2,500 மீட்டரைத் தாண்டுகின்றன. ஊரில் தங்கும் பெரும்பாலோர் காலையில் கோண்டோலா என்ற கம்பிவட மூடுவண்டியில்தான் மேலே போகிறார்கள். கூட்ட வாரங்களில் அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: எட்டு மணிக்கு முன்பே தோளில் ஸ்கையும் காலில் கனத்த பூட்ஸுமாக மக்கள் நகர்ந்துகொண்டிருப்பார்கள், தாமதமாக வருபவருக்கு ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும். பத்து மணி வகுப்புக்குப் பிள்ளைகளை நேரத்தில் சேர்க்க முடியாவிட்டால், மலிவான அறையால் மிச்சமான பணத்துக்குப் பொருளில்லை. கோண்டோலா நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். அது கிடைக்காவிட்டால், சரிவின் அடியிலேயே அமைந்த பொரோவெட்ஸைப் பாருங்கள். அது 1,350 மீட்டர் உயரத்தில், தலைநகர் சோஃபியாவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கிறது.

விலை குறைந்த வேறிடம் வேண்டுமென்றால் ஜார்ஜியாவின் குடௌரி இருக்கிறது. தலைநகர் திபிலிசியிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணம். ஊரே ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பனிக்குப் பஞ்சமில்லை. லிஃப்ட் கட்டணமும் ஆல்ப்ஸைவிட வெகுவாகக் குறைவு. ஆனால் மரங்களே இல்லாத வெட்டவெளி என்பதால், மேகம் இறங்கும் நாளில் தரை எது வானம் எது என்று தெரியாது. கடும் பனிப்பொழிவில் நெடுஞ்சாலையை மூடிவிடுவதும் உண்டு. அதனால் விமானத்துக்கு முந்தின நாளே திபிலிசிக்கு இறங்கிவிட வேண்டும்.

எந்த நாடு என்பதைவிட எந்த வாரம் என்பதே உங்கள் செலவைப் பெரிதும் தீர்மானிக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களிலும், பிப்ரவரித் தொடக்கம் முதல் சுமார் நான்கு வாரங்கள் வட்டாரம் வட்டாரமாக நடக்கும் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறையிலும் ஆல்ப்ஸில் கட்டணம் உச்சத்தில் இருக்கும். ஜனவரியின் இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் அதே அறை கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். குளிர் அதிகம், கூட்டம் குறைவு. பிள்ளைகளின் விடுமுறை ஏப்ரலில்தான் வருகிறதென்றால் உயரத்தைப் பாருங்கள். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறைவதால், தாழ்வான ஊரில் மழை கொட்டும் அதே நாளில் பிரெஞ்சு ஆல்ப்ஸில் 2,300 மீட்டர் உயரத்து வால் தொரான்ஸில் பனி விழும். பிரெஞ்சு ஆல்ப்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறதென்றால் அது இங்கேதான்.

கேள்வி: நண்பர்கள் மூவர் ஜப்பான் செல்ல எண்ணுகிறோம். ஓரளவு சறுக்கத் தெரியும். அங்கே பெயர்பெற்ற பனிச்சறுக்குத் தலமான நிசேகோவில் கேட்ட விலை தலையைச் சுற்றுகிறது. ஜப்பானையே கைவிட வேண்டியதுதானா?

பதில்: கைவிட வேண்டாம், நிசேகோவை மட்டும் விட்டுவிடுங்கள். வெளிநாட்டு முதலீடும் பயணிகளும் குவிந்ததால் அங்கே விலை ஏறிவிட்டது. அந்த விலையை ஜப்பான் முழுமைக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு மலைகளில் மோதுவதால், அந்தக் கடலோரம் நெடுகிலும் பனி கொட்டுகிறது. நாகனோ மாநிலத்தின் நொசாவா ஓன்சென் எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஈயாமாவில் இறங்கினால் பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிடும்; சிறு விடுதிகள் ஏராளம்; ஊர்மக்கள் பராமரிக்கும் 13 வெந்நீர்க் குளியல் இல்லங்களில் கட்டணம் கிடையாது, உண்டியலில் விரும்பியதைப் போடலாம். ஒரே நாள் போதுமென்றால், ரயில் நிலையத்திலிருந்தே கோண்டோலா ஏறக்கூடிய காலா யுசாவா இருக்கிறது.

கேள்வி: ஷெங்கன் விசாவுக்காக (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கான பொது விசா) எடுத்த பயணக் காப்பீடே பனிச்சறுக்குக்கும் போதும் என்கிறார் முகவர். சரியா?

பதில்: அந்த வார்த்தையை நம்பி மலை ஏறாதீர்கள். விசாவுக்கு வேண்டிய காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்பது விதி. அது பனிச்சறுக்கில் நேரும் விபத்தையும் ஏற்கும் என்று அந்த விதி சொல்லவில்லை, பல பாலிசிகள் அதை வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன. குளிர்கால விளையாட்டு என்ற பிரிவு இருக்கிறதா, மலையிலிருந்து மீட்கும் செலவும் ஹெலிகாப்டர் செலவும் அடங்குமா, குறியிட்ட பாதையைவிட்டு வெளியே சென்றால் என்ன ஆகும் என்ற மூன்றையும் பாலிசி வாசகத்திலேயே படித்துப் பாருங்கள். நீங்கள் இன்னொருவர் மீது மோதிவிட்டால் அவருக்குத் தரவேண்டிய இழப்பீட்டுக்கான காப்பீடு, இத்தாலியில் 2022 முதல் சறுக்குவோர் எல்லோருக்கும் கட்டாயம். பிரான்சில் லிஃப்ட் பாஸோடு நாளுக்குச் சில யூரோவில் மீட்புக் காப்பீடு விற்கிறார்கள். கையில் இருப்பதில் மீட்புச் செலவு இல்லையென்றால் அதைத் தவறாமல் வாங்குங்கள்.

கேள்வி: உடைகளையும் கருவிகளையும் சொந்தமாக வாங்குவது லாபமா, வாடகையா?

பதில்: முதல் பயணத்துக்கு ஸ்கை, பூட்ஸ், ஹெல்மெட் மூன்றும் வாடகைக்கே. கையுறை, கண்களைக் காக்கும் சறுக்குக் கண்ணாடி, முழங்கால்வரை வரும் மெல்லிய கம்பளிக் காலுறை ஆகியவற்றை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பருத்தி உள்ளாடை வேண்டாம், நனைந்தால் உலராது. கடையில் பூட்ஸைப் போட்டு நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விரல் சற்றுப் பின்வாங்க, குதிகால் மேலே எழாமல் இருக்க வேண்டும். இரண்டு காலுறை போட்டுப் பெரிய பூட்ஸை இறுக்கிக்கொள்வது மதியத்துக்குள் காலைப் புண்ணாக்கிவிடும். கடைக்காரர் உங்கள் எடையையும் திறமையையும் கேட்கும்போது கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்: விழும்போது ஸ்கை காலைவிட்டுக் கழன்றுகொள்ளும் விசையை அதை வைத்தே அவர் அமைக்கிறார்.