மசினகுடி ‘நைட் சஃபாரி’: ஏஜெண்ட் பேச்சை நம்பலாமா?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் மசினகுடி போகிறோம். காலையில் காட்டுக்குள் டிரெக்கிங், இரவில் ஜீப் சஃபாரி, தலைக்கு 2,500 ரூபாய் என்கிறார் ஒரு ஏஜெண்ட். வனத்துறை அனுமதியை அவரே பார்த்துக்கொள்வாராம். நீலகிரி இ-பாஸ் எடுத்துவிட்டோம். போகலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

இ-பாஸ், மலைக்கு எத்தனை வண்டி ஏறுகிறது என்று பார்ப்பதற்காக 2024 மே மாதம் வந்தது. காட்டுக்குள் கால் வைக்க அது உதவாது. மசினகுடியை ஒட்டிய காடு முதுமலை புலிகள் காப்பகம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். முதுமலையில் உள்ள தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில் காட்டைச் சுற்றிப் பார்க்கலாம், அதுவும் பகலில்தான். ‘ஃபாரஸ்ட்ல பேசி வெச்சிருக்கோம்’ என்பவரிடம் துறையின் ரசீதைக் கேளுங்கள், பேச்சு மாறிவிடும். மாட்டினால் வழக்கு உங்கள் பேரில். அவர் அடுத்த வாரம் வேறு நான்கு பேரை ஏற்றிக்கொண்டிருப்பார்.

‘மாயார், சிங்காரா பக்கம் பொதுச்சாலைதானே சார்?’ என்றும் சொல்வார்கள். சரிதான், ஊர் ஜனங்கள் போய்வரும் சாலை அது. பகலில் அதில் வண்டியில் போவதோ, வழியில் தென்படும் மானைப் பார்ப்பதோ குற்றமில்லை. ஆனால் அது ‘போகிற’ வரைக்கும்தான். யானையைக் கண்டு வண்டியை நிறுத்துவது, போட்டோ எடுக்க இறங்குவது, லைட் அடிப்பது, தின்ன எதையாவது வீசுவது எதுவும் கூடாது. தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கிவிட்டால் பொதுச்சாலை என்ற வாதமே செல்லாது. ஏஜெண்ட் காசு வாங்குவதே அந்த மண்பாதைக்குத்தான்.

காட்டுக்குள் நடந்து போவது இன்னும் மோசம். அங்கே உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. பத்தடியில் யானை நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

மசினகுடி பக்கம் யானைகள் போய்வரும் சீகூர் வழித்தடத்தைக் காக்க அரசு வெளியிட்ட அறிவிப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில், மசினகுடியில் தீ வைத்து விரட்டப்பட்ட யானை ஒன்று காயத்தோடு செத்தது. இத்தனைக்குப் பிறகும் ‘நைட் சஃபாரி’ என்று துணிந்து கூவி விற்க முடிகிறது. விற்பவனை விட்டுவிட்டு ஏமாந்து வந்தவனுக்கு மட்டும் அபராதம் போட்டால் இது எப்படி நிற்கும்? எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

நடக்கத்தான் ஆசை என்றால் ‘டிரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு வனத்துறை தொடங்கியது. நீலகிரியில் அவலாஞ்சி, கரிக்கையூர், நீடில் ராக் எல்லாம் உண்டு. அந்தந்த ஊர்ப் பையன்களே வழிகாட்டிகள். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை காட்டுத்தீக் காலம், பாதைகளை மூடிவிடுவார்கள். ‘வேறு வழியாகக் கூட்டிப்போகிறேன்’ என்று யாராவது வந்தால், 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் டிரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் செத்ததைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

விலங்கு பார்க்க, தெப்பக்காட்டில் காலையில் கிளம்பும் முதல் வண்டிக்கே சீட்டு எடுங்கள். மான், காட்டெருமை பெரும்பாலும் தென்படும். யானைக்கும் நல்ல வாய்ப்பு உண்டு. புலிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, வனத்துறையும்தான்.