லேப்டாப் திரை கறுப்பாகவே இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் சத்தம் வருகிறது. மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா?

இப்போதே சம்மதிக்க வேண்டாம். திரையைவிட அந்த டிக் டிக் சத்தம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. டிஸ்க்கின் படிக்கும் முனை, தேடும் இடம் அகப்படாமல் திரும்பத் திரும்ப முயலும்போது வரும் சத்தம் அது. உடனே லேப்டாப்பை அணைத்துவிடுங்கள்.

என் தங்கையின் ஆய்வேடு இருந்த டிஸ்க்கும் இப்படித்தான் சத்தமிட்டது. பழுதைச் சரிசெய்துவிடலாம் என்று நம்பி, விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையால் முழுச் சோதனையை ஓட்டினேன். அது டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் படிக்க வைக்கும். தள்ளாடும் டிஸ்க் அதைத் தாங்கவில்லை. இரவு முழுவதும் 27 விழுக்காட்டிலேயே நின்று, காலையில் அடங்கிப்போனது. இரண்டு அத்தியாயங்களை அவள் மறுபடி எழுதினாள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் நகல், பிறகுதான் சோதனை.

அடிமூடியைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுங்கள். டிஸ்க்கை யுஎஸ்பி துளையில் செருக உதவும் சாட்டா–யுஎஸ்பி அடாப்டர் மூலம் வேறொரு கணினியில் இணைத்து, இழக்கவே முடியாத கோப்புகளை முதலில் நகலெடுங்கள். விண்டோஸின் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். டிஸ்க்கையே கணினி கண்டுகொள்ளவில்லை என்றால், மேற்கொண்டு முயலாமல் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படியும்.

டிஸ்க் இல்லாமலேயே திரையைச் சோதிக்கலாம். இயக்கியதும் நிறுவனத்தின் சின்னமோ, டிஸ்க் இல்லை என்ற செய்தியோ வர வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் போயிருப்பது பின்னொளி, அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்குதான். திரையுள்ள மேல்மூடியை மெல்ல அசைக்கும்போது படம் வந்து வந்து மறைந்தால், கீல் வழியாகப் போகும் கேபிளைச் சந்தேகியுங்கள். எதுவுமே தெரியாவிட்டால் சார்ஜரையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ராமை (தற்காலிக நினைவகச் சில்லை) கழற்றி மீண்டும் பொருத்துங்கள்.

பிறகு கடைக்குப் போய், உங்கள் கண்ணெதிரே ஹெச்டிஎம்ஐ கேபிளால் வேறொரு மானிட்டரில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் படம் தெளிவாக வந்தால், மதர்போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். திரைக்கும் கேபிளுக்கும் மட்டும் விலை கேளுங்கள். கூடவே, பழைய டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு புதிய எஸ்எஸ்டிக்கும்.