பதில்: தலையணைக்கடியில் இட்லி ஒளிக்கும் மகள்

சகோதரி, தத்தெடுத்து மூன்று மாதமாகியும் நாலு வயது மகள் அம்மா என்று கூப்பிடவில்லை, தலையணைக்கடியில் இட்லியை ஒளிக்கிறாள், "ஒட்டாத ரத்தம்" என்று மாமியார் குத்துகிறார் என எழுதியிருந்தீர்கள். நானும் கடலூர்தான், முதுநகர்.

என் மகன் ஐந்து வயதில் வந்தான். பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடியே தூங்குவான். காலையில் பாய் முழுக்க எறும்பு. திட்டினேன், அது என் தப்பு. அப்புறம் ஒரு டப்பாவில் பொரிகடலை போட்டு, அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, "இது உன்னோடது, தீரத் தீர நிரப்புவேன்" என்றேன். முதல் வாரம் நாளுக்குப் பத்து தடவை திறந்து பார்த்தான், சாப்பிடக்கூட இல்லை. ஒளிப்பது நிற்க ஏழெட்டு மாதம் பிடித்தது. பசியில்லை அது, இந்த இடமும் போய்விடுமோ என்ற பயம்.

தத்துக்குப் பிறகு இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தத்து அமைப்பிலிருந்து நிலவரம் பார்க்க வருவார்கள். பயந்துகொண்டு "எல்லாம் நல்லாயிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். இட்லி விஷயத்தைச் சொல்லி, கவுன்சலிங் கேளுங்கள். அது அவர்கள் கடமை.

மாமியாரிடம் உங்கள் கணவரே பேசட்டும், குழந்தை காதில் விழாமல்.

'அம்மா'வைக் கேட்டு வாங்காதீர்கள். எங்கள் பையன் ஒரு வருடம் என்னை "ஏங்க" என்றுதான் கூப்பிட்டான். சில்வர் பீச்சில் அலைக்குப் பயந்து ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்ட அன்றுதான் முதல் "அப்பா".