கால் இரத்த ஓட்டம்: எந்தச் சோதனைக்குக் காசு கட்டுவது?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. சலரோகம் நெடுநாளாக இருக்கிறது, சுருட்டையும் விடவில்லை. நல்லூர் வீதியில் அரைச்சுற்று நடந்தாலே கெண்டைக்கால் இறுகி நோகிறது, நின்றால் தணிகிறது. விரலில் கிளிப் மாட்டி ‘முழு உடம்பு இரத்தக்குழாய்ச் சோதனை’ செய்கிறோம் என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். அதைச் செய்யலாமா, டொப்ளர் ஸ்கான் (ஒலியலையால் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பது) எடுப்பதா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: கிளிப் வேண்டாம். விரல் நுனியில் ஒளியைப் பாய்ச்சி அங்குள்ள துடிப்பைத்தான் அது பார்க்கிறது. தொடையிலோ முழங்காலுக்குப் பின்னாலோ நாடி (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைத்திருப்பது அதில் தெரியாது. நடந்தால் நோவு, நின்றால் தணிவு என்பது கால் நாடி ஒடுங்கியவர்கள் வழக்கமாகச் சொல்லும் முறைப்பாடு.

முதலில் கேட்க வேண்டியது கணுக்கால்–கை அழுத்த விகிதம். சுமார் 10 நிமிடம் மல்லாந்து படுத்த பிறகு இரண்டு கையிலும், ஒவ்வொரு காலிலும் பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுவுக்குப் பின்னாலும், கையடக்க டொப்ளர் கருவி வைத்து மேல் பிரஷரை எடுப்பார்கள். காலில் கூடியதைக் கையில் கூடியதால் வகுக்க வேண்டும். கையில் 150, காலில் 105 என்றால் 0.70. 1.00 முதல் 1.40 வரை சாதாரணம், 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் நாடி ஒடுங்கியிருக்கிறது. இடையில் வருவது ஐயம். வீட்டு டிஜிட்டல் பிரஷர் மெஷினைக் காலில் கட்டிக் கணக்குப் பார்க்காதீர்கள். ஓட்டம் குறைந்த காலில் அது கூட்டிக் காட்டலாம், இல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும்.

அப்பாவுக்கு இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாட்பட்ட சலரோகத்தில் நாடிச் சுவரில் கல்சியம் படிந்து விறைத்துப்போகும். பிரஷர் பட்டியை எவ்வளவு இறுக்கினாலும் நாடி நசியாது. அடைப்பு இருந்தும் இலக்கம் நல்லதாக வரும், சிலருக்கு 1.40ஐத் தாண்டும். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் எடுக்கச் சொல்லுங்கள். விரல் நாடிகளில் இந்தப் படிவு குறைவு. பெருவிரல் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.70க்குக் கீழே போனால் கோளாறுதான்.

டொப்ளர் ஸ்கான் அடுத்த படி. காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். வைத்தியர் தரும் துண்டில் வெறுமனே ‘கால் டொப்ளர்’ என்றிருந்தால், நாளத்தை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாயை) மட்டும் பார்த்து ‘இரத்தக்கட்டி இல்லை’ என்று தந்துவிடக்கூடும். அது வேறு கேள்விக்கான பதில். ‘நாடி டொப்ளர், இரண்டு கால்’ என்று வைத்தியரிடம் தெளிவாக எழுதுவித்து, காசு கட்டுமுன் கவுண்டரிலும் கேளுங்கள். றிப்போர்ட்டில் இடுப்பிலிருந்து பாதம்வரை ஒவ்வொரு பகுதிக்கும் அலை வடிவமும் வேகமும் இருக்க வேண்டும். குழாய் வாயை விரலால் பொத்தினால் தண்ணீர் சீறுவதுபோல, ஒடுங்கிய இடத்தில் இரத்தத்தின் வேகம் கூடும். சற்று மேலே உள்ளதைவிட இரண்டு மடங்கு என்றால் பாதியளவு ஒடுக்கம் என்று கொள்வார்கள். ‘ஓட்டம் உண்டு’ என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. யாழ். போதனா வைத்தியசாலைக்குத் துண்டோடு போனால் கிளினிக்கில் காசில்லை, காத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: கால்நோவுக்கு இறுக்கக் காலுறை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: விகிதம் தெரியுமுன் வாங்காதீர்கள். அது நாள வீக்கத்துக்கானது. நாடி அடைத்த காலில் போட்டால் வருகிற கொஞ்ச இரத்தத்தையும் தடுத்து, தோலைப் புண்ணாக்கலாம். படுத்திருக்கும்போதும் பாதம் நோவது, ஆறாத புண், விரல் கறுப்பது இருந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கால் திடீரெனக் குளிர்ந்து, வெளிறி, மரத்தால் அந்த மணித்தியாலமே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.