ஸ்காலர்ஷிப் வருதேன்னு பாப்பாவை இன்ஜினியரிங்ல சேர்க்காதீங்க அக்கா

வணக்கம் அக்கா, நீங்க எழுதுனதை முழுசா படிச்சேன். அண்ணன் ஆர்மில ஹவில்தாரா ரிட்டயர் ஆகி இப்ப செக்யூரிட்டி சூப்பர்வைசரா இருக்கார், பெரிய பொண்ணு ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு வெயிட் பண்றா, அவளுக்கு பி.எஸ்சி மேத்ஸ் படிச்சு டீச்சர் ஆகணும், ஆனா சொந்தக்காரங்க எல்லாம் இன்ஜினியரிங் சேர்த்தா மிலிட்டரி ஸ்காலர்ஷிப் வரும் மேத்ஸ்னா ஒண்ணும் வராதுன்னு சொல்லி உங்களை தூங்க விடாம பண்ணிட்டாங்க. அவங்க சொல்றதுல பாதிதான் சரி, அந்தப் பாதியை நம்பி பொண்ணு படிப்பை மாத்தினா உங்களுக்குத்தான் செலவு ஜாஸ்தியாகும். எப்படின்னு சொல்றேன்.

அவங்க சொல்றது பிரதம மந்திரி ஸ்காலர்ஷிப், முன்னாள் ராணுவத்தினர் நலனை பாக்கறதுக்குன்னு டெல்லில இருக்கிற மத்திய அரசு அமைப்பு, கேந்திரிய சைனிக் போர்டு குடுக்கறது. பொண்ணுங்களுக்கு மாசம் 3,000, பசங்களுக்கு 2,500, மாசாமாசம் வராது, வருஷத்துக்கு ஒருதடவை மொத்தமா பிள்ளையோட அக்கவுண்ட்ல போடுவாங்க. ஆக பாப்பாவுக்கு வருஷம் 36,000. பி.இ, எம்.பி.பி.எஸ், பி.எட், எம்.பி.ஏ, எம்.சி.ஏ மாதிரி தொழில் படிப்புக்கு மட்டும்தான் இது, சாதா பி.ஏ, பி.எஸ்சி மேத்ஸ், பி.காம்க்கு கிடையாது, அந்த மட்டும் உங்க சொந்தக்காரங்க சொன்னது கரெக்ட்.

ஆனா இது அப்ளை பண்ண எல்லாருக்கும் வர்ற பணம் இல்லக்கா. நாடு முழுக்க வருஷத்துக்கு 5,500 பேருக்குத்தான், அதுல பாதி பொண்ணுங்களுக்கு. ப்ளஸ் டூல 60 பர்சென்ட் இருந்தா அப்ளை பண்ணலாம் அவ்ளோதான், செலக்ஷன்ல முதல்ல சண்டையில இறந்தவங்க குடும்பம், அப்புறம் ஊனமானவங்க, வீரத்துக்கு மெடல் வாங்குனவங்க பிள்ளைங்க, இப்படி வரிசையா போய் கடைசில தான் அண்ணன் மாதிரி நார்மலா ரிட்டயர் ஆனவங்க பிள்ளைங்க, அதுவும் மார்க் பாத்து. கிடைச்சாலும் சேர்ற அன்னைக்கு கையில இருக்காது, ஃபர்ஸ்ட் இயர் ஃபீஸ் நீங்கதான் கட்டணும்.

இப்ப அந்த 36,000 வந்துச்சுன்னே வெச்சுக்கோங்க. தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல கவுன்சிலிங் சீட்டுக்கே டியூஷன் ஃபீஸ் 50,000, அக்ரெடிடேஷன்னு சொல்ற தரச்சான்று இருந்தா 55,000ன்னு 2017லயே வெச்சிட்டாங்க. அதுக்கு மேல பஸ், ஹாஸ்டல், எக்ஸாம் ஃபீஸ், இன்னும் என்னென்ன பேர்ல கேப்பாங்களோ. நாலு வருஷத்துக்கு ஸ்காலர்ஷிப் மொத்தம் 1,44,000 வரும், டியூஷன் மட்டுமே, 55,000 கணக்குல, 2,20,000 போகும். இதுல எங்கக்கா மிச்சம்?

மேத்ஸ் பக்கம் வாங்க. அரசு கலைக் கல்லூரில டிகிரி ஃபீஸ் வருஷத்துக்கு சில ஆயிரம்தான். அதுக்கு ஒண்ணும் வராதுன்னு சொன்னாங்களே, அது தப்பு. ரக்ஷா மந்திரி நிதின்னு, அதாவது பாதுகாப்புத் துறை மந்திரி பேர்ல முன்னாள் ராணுவத்தினருக்கான நிதி ஒண்ணு இருக்கு, ஹவில்தார் ராங்க்கும் அதுக்கு கீழயும் ரிட்டயர் ஆனவங்க பிள்ளைங்களுக்கு, ரெண்டு பிள்ளை வரைக்கும், ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து டிகிரி முடியற வரைக்கும் படிப்பு கிராண்ட் குடுக்கறாங்க. ரொம்ப நாளா மாசம் 1,000 தான் இருந்துச்சு, 2025 நவம்பர் 1ல இருந்து போடற அப்ளிகேஷனுக்கு 2,000 ஆக்கிட்டாங்க. அதாவது வருஷம் 24,000, ஃபீஸ் கட்டினது போக புக்ஸ், பஸ் பாஸ், ஹாஸ்டல் சாப்பாடு வரைக்கும் தாங்கும். கண்டிஷன் ரெண்டு மூணு இருக்கு, 50 பர்சென்ட்டாவது எடுத்து பாஸ் பண்ணியிருக்கணும், படிச்சு முடிச்ச வருஷத்துக்குத்தான் பணம், முன்கூட்டியே வராது, அப்புறம் அண்ணன் இப்ப வேலை பாக்கிற இடத்துல பிள்ளைங்க படிப்புக்குன்னு அலவன்ஸ் எதுவும் வாங்கக்கூடாது, அதை சம்பள ஸ்லிப்ல பாத்துடுங்க.

இதையும் உங்க சொந்தக்காரங்ககிட்ட சொல்லுங்க. டீச்சர் ஆகணும்னா டிகிரிக்கு அப்புறம் பி.எட் போகணும்ல, பி.எட் அந்த பிரதம மந்திரி ஸ்காலர்ஷிப் லிஸ்ட்லயே இருக்கு. டிகிரில 60 பர்சென்ட் எடுத்துட்டு பி.எட் ஃபர்ஸ்ட் இயர்லயே அப்ளை பண்ணணும், செகண்ட் இயர்ல போய் கேட்டா கிடையாது. மேத்ஸ் எடுத்ததால அந்த ஸ்காலர்ஷிப் கைவிட்டுப் போகல, மூணு வருஷம் தள்ளிப் போகுது அவ்வளவுதான்.

காலேஜ் போற பொண்ணுங்களுக்கு தமிழ்நாடு அரசு குடுக்கிற புதுமைப்பெண் மாசம் 1,000 பத்தி கேட்டிருந்தீங்க. ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ்நாடு அரசுப் பள்ளில படிச்சிருக்கணும், அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் மீடியம்னாலும் சரி. அண்ணன் சர்வீஸ்ல இருந்தப்ப பாப்பா எட்டாவது வரைக்கும் கேந்திரிய வித்யாலயாலன்னு எழுதியிருக்கீங்க, அப்ப வராதுக்கா. அதை கணக்குல சேர்க்காதீங்க.

நாளைக்கு பாப்பாவே மனசு மாறி இன்ஜினியரிங்னு சொன்னா, அப்பவும் முதல்ல தேட வேண்டியது சீட்டைத்தான். தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைங்களுக்குன்னு 150 சீட் தனியா இருக்கு, அந்த ரவுண்டு பொது கவுன்சிலிங்குக்கு முன்னாடியே நடக்கும். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்லயோ, கோயம்புத்தூர் ஜி.சி.டிங்கற அரசு காலேஜ்லயோ ஒரு சீட் கிடைச்சா ஃபீஸ்ல மிச்சமாகறது எந்த ஸ்காலர்ஷிப்பை விடவும் அதிகம். மெடிக்கல்ல இதே கோட்டா வெறும் 10 சீட், அதை நம்பி ஒரு வருஷம் வீட்ல உக்கார வைக்கறதை நான் சொல்ல மாட்டேன்.

சரி, நிஜமா மாட்டிக்கிறது எங்கன்னா பேப்பர்ல. எங்கிட்ட வர்ற மிலிட்டரி குடும்பங்கள்ல பாதிப் பேர் அங்கதான் நிக்கறாங்க, ரிட்டயர் ஆகும்போது ஆர்மி குடுத்த டிஸ்சார்ஜ் புக்ல பிள்ளை பேர் ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி, மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆர்மில இனிஷியலை விரிச்சு அப்பா பேரை பின்னாடி போட்டிருப்பாங்க, பிறந்த தேதி வேற ரெண்டு நாள் மாறியிருக்கும். சில பேருக்கு பிள்ளை பொறந்தப்ப அதை ராணுவ ரெக்கார்டுல ஏத்தற பார்ட் டூ ஆர்டரே போட்டிருக்க மாட்டாங்க, பேரே இருக்காது. இதை சரி பண்ண அண்ணன் இருந்த பிரிவோட ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதணும், அண்ணன் மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா வெலிங்டன், சிக்னல்ஸ்னா ஜபல்பூர், பதில் வர மாசக்கணக்குல ஆகும். ரிசல்ட் வந்தப்புறம் ஓடினா நேரம் பத்தாது. ரிசல்ட்டுக்கு முன்னாடியே ஒருநாள் லீவ் போட்டு அண்ணனை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு போகச் சொல்லுங்க, டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், பாப்பா ஆதார், பத்தாவது மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினலோட. நான் மேல சொன்ன ரெண்டு அப்ளிகேஷனும் ஆன்லைன்ல போட்டாலும் செக் பண்றது அந்த ஆபீஸ்தான், அங்கயே முன்னாள் படைவீரர்களுக்கான நம்ம மாநில அரசோட தொகுப்பு நிதில என்ன கல்வி உதவி இருக்குன்னும் கேட்டுட்டு வரட்டும்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். பக்கத்து வீட்டு சி.ஆர்.பி.எஃப் காரர் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல போட்டேன்னு சொன்னதா எழுதியிருந்தீங்க. அது அவங்களுக்கு சரி, அவங்க ஹோம் மினிஸ்ட்ரிக்கு கீழ வர்றவங்க. அண்ணன் ஆர்மி, அதனால உங்களுக்கு கேந்திரிய சைனிக் போர்டு வெப்சைட்தான், அவர் போட்ட இடத்துலயே போட்டுட்டு வெயிட் பண்ணாதீங்க.

பையன் இப்ப பத்தாவதுன்னு சொன்னீங்க. அந்த ரக்ஷா மந்திரி கிராண்ட் ஸ்கூல் பிள்ளைக்கும் உண்டுங்கறதால ஒன்பதாவது பாஸ் பண்ண மார்க் ஷீட்டையும் அதே ஃபைல்ல வெச்சு அனுப்புங்க, டிஸ்சார்ஜ் புக்ல அவன் பேர் எப்படி இருக்குன்னும் அப்பவே பாத்துடலாம்.